பெயர் எழுதாத பத்திரிகை

எங்கள் பக்கத்தில் பத்திரிகை வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. கவரின் மேல் பெயர் எழுதி, தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து, வீடு தேடி வந்து, "குடும்பத்தோட வந்துடணும்" என்று வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டும். பெயர் எழுதாமல் கொடுத்தால் தொலைந்தோம். "யாருக்கோ வச்சது மிஞ்சிப்போயி நமக்குத் தள்ளிட்டுப் போறான்" என்று கல்யாணத்துக்கு வரமாட்டார்கள். வந்தாலும் கை நனைக்கமாட்டார்கள். அதேபோல், வந்த பத்திரிகையைப் பிரித்துப் பார்க்காமல் மூலையில் போடுவதும் பெரிய அவமரியாதை. என்னைக் கவிழ்த்தது இந்த இரண்டாவது பழக்கம்.

அரியலூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் தையல் கடை வைத்திருக்கிறேன். சிமெண்ட் லாரி போகும்போதெல்லாம் கதவைச் சாத்துவதும் திறப்பதுமாகவே பாதிப் பொழுது போய்விடும். வெள்ளைத் துணி தைக்கும் நாளில் என் வாயில் நல்ல வார்த்தை வராது. கல்யாண ஜாக்கெட்தான் எனக்குச் சோறு போடுவது. அதனால் முகூர்த்த மாதங்களில் என் போனில் பத்திரிகைகள் வந்து விழுந்துகொண்டே இருக்கும். நான் தைத்ததைப் போட்டுக்கொள்ளப்போகும் பெண்ணின் பத்திரிகையை நான் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?

அன்று காலை கடை திறந்த கையோடு ஒரு வாடிக்கைக்காரரின் எண்ணிலிருந்து 'எங்கள் இல்லத் திருமண விழா' என்று ஒன்று வந்தது. மற்றவை போலப் படமாக வரவில்லை. ஏதோ ஃபைலாக வந்தது. அழுத்தினேன். அதற்கு அனுமதி தரலாமா, இதற்கு அனுமதி தரலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே போனது. பத்திரிகை பார்க்க உட்கார்ந்தவளுக்கு என்ன ஆட்சேபம்? எல்லாவற்றுக்கும் சரி கொடுத்தேன். மாப்பிள்ளையும் வரவில்லை, பெண்ணும் வரவில்லை. நெட் சரியில்லை என்று போனை மேசையில் போட்டுவிட்டு வெட்ட வேண்டிய துணியை எடுத்தேன்.

மத்தியானம் முதல் போன் கீழப்பழுவூரிலிருந்து வந்தது. என் சித்தி.

"ஏண்டி, பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்க. போன்லதான் சொல்லுவியா? நேர்ல வந்து ஒரு வெத்தல பாக்கு வைக்க ஒனக்குக் கால் நோவுதா?"

என் மகள் திருச்சியில் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். அவள் கல்யாணப் பேச்சை எடுத்தால் ஒரு வாரம் போன் எடுக்கமாட்டாள். அப்படிப்பட்டவளுக்கு எனக்குத் தெரியாமல் கல்யாணமா என்று ஒரு நிமிடம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பிறகு ஜெயங்கொண்டத்திலிருந்து ஒருவர், செந்துறையிலிருந்து ஒருவர். "மாப்ள என்னா பண்றாரு?" என்று விசாரித்தவரிடம் நான் என்ன சொல்ல? பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரைக் கூப்பிட்டுப் போனைக் காட்டினேன். அவர் பார்த்த உடனே தலையில் கை வைத்தார். எனக்கு வந்த அந்த ஃபைல் என் போனுக்குள் புகுந்து, என் பெயரில், என் வாடிக்கைக்காரர்கள் அத்தனை பேருக்கும் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டிருந்தது. திறந்தவர்களின் போனையும் அது பிடித்துக்கொள்ளும், பேங்க்கில் இருந்து வரும் ரகசிய எண்ணையும் படித்துவிடும் என்று அவர் சொன்னார்.

என் பேங்க் கணக்கு பழைய பட்டன் போனோடு சேர்ந்தது. சோம்பேறித்தனத்தால் மாற்றாமல் விட்டிருந்தேன், அதனால் என் காசு தப்பியது. அந்தப் பட்டன் போன்தான் அடுத்து அடித்தது.

லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பெண். அவள் பிறந்த வீடு அரியலூர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே என்னிடம்தான் தைக்கிறாள். அவள் கணவர் வளைகுடா நாட்டில் ஏசி மெக்கானிக். கல்யாணமான நாளிலிருந்து லீவுக்கு வருவதும் போவதுமாக இருந்தவர், அந்த வருடம் ஒரேயடியாகத் திரும்பி வந்து ஊரிலேயே ஏசி, ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை போடுவதாக இருந்தார். கடைக்கான பணம் முழுக்க அவள் கணக்கில் இருந்தது. அதை எனக்குச் சொன்னதும் அவள்தான், அளவு எடுக்கும்போது, அவ்வளவு சந்தோஷமாக.

"அக்கா, நீங்க அனுப்புன பத்திரிகையத் தொறந்தேன்க்கா. ஒங்க பொண்ணுக்குன்னு நெனச்சு ஆசையாத் தொறந்தேன். பேங்க்ல இருந்து மெசேஜா வருதுக்கா. பணம் போவுது. ஒன்னு மேல ஒன்னாப் போவுது."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் வாய் மட்டும் எனக்கு எப்போதும் ஓடும். யாருக்குப் போன் செய்தாலும் மணி அடிப்பதற்கு முன்னால், சைபர் குற்றம் நடந்தால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள் என்று ஒரு குரல் பாடம் நடத்துமே, அதைத் தினமும் திட்டித் தீர்த்தவள் நான். அவசரத்துக்குக் கூப்பிட்டால் பாடம் எடுக்கிறாள் என்று கத்தியிருக்கிறேன். அந்த எண் இப்போது கேட்காமலே நாக்கில் வந்து நின்றது.

"போன வை. 1930க்குக் கூப்புடு."

"மச்சான்கிட்டக் கேக்காம எப்படிக்கா? அவுக வேலைல இருப்பாக. ராத்திரிதான் போன் எடுப்பாக. போலீசு கீலீசுன்னு நானாப் போனேன்னா..."

"ஒம் மச்சான் சம்பாதிச்சத காப்பாத்தத்தாண்டி சொல்றேன்!"

அவள் அழுதாளே தவிர நகரவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரரின் போனைப் பிடுங்கி நானே அந்த எண்ணுக்கு அடித்தேன். ஒரு பெண் எடுத்தார். பட்டன் போனில் அவள், ஜெராக்ஸ் போனில் அந்தக் குரல். இரண்டையும் வெட்டும் மேசை மேல் தலைக்குத் தலை வைத்து ஸ்பீக்கரைப் போட்டேன். நடுவில் நான் நின்று கத்தினேன். ஊர், பெயர், பத்திரிகை, வளைகுடா, ஏசி கடை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"அம்மா," என்றது அந்தக் குரல், கொஞ்சமும் கோபமில்லாமல், "நீங்க பேசறதுல அவங்க சொல்றது எனக்குக் கேக்கல. கொஞ்சம் தண்ணி குடிங்க."

என்னை அப்படி யாரும் அடக்கியதில்லை. உண்மையாகவே தண்ணீர் குடித்தேன்.

அந்தப் பெண் லப்பைக்குடிக்காட்டுக்காரியிடம் பேசினார். உங்கள் போனை உடனே ஃப்ளைட் மோடில் போடுங்கள், வீட்டில் வேறு போன் இருந்தால் அதிலிருந்து பேசுங்கள் என்றார். வேறு போன் மாமியாருடையது. "மாமிகிட்டயா?" என்று இழுத்தாள். மாமியாரிடம் போனைக் கேட்டால் விஷயத்தையும் சொல்ல வேண்டும். எனக்கு அந்தத் தயக்கம் புரிந்தது. அந்தக் குரலுக்கும் புரிந்திருக்க வேண்டும். "தப்பு உங்களோடது இல்லம்மா. திருடுனவனோடது. அவங்ககிட்ட அப்படியே சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்றது.

லைன் அறுந்தது. கொஞ்ச நேரத்தில் பட்டன் போன் மறுபடி அடித்து, ஒரு வயதான குரல் வந்தது. "நான் அவ மாமி பேசறேன். என்ன வேணுமோ கேளுங்கம்மா. புள்ள அழுவுது, நான் படிச்சுச் சொல்றேன்."

மாமியார் மெசேஜில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். அந்தக் குரல் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னது. பின்னால் இன்னும் பல பெண்கள் இதேபோல் எண்களைத் திருப்பிச் சொல்லும் சத்தம் கேட்டது. தமிழ்நாடு முழுக்க எத்தனை பேர் அழுதுகொண்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைசியில், புகார் பதிந்துவிட்டது, பணம் போன பேங்குகளுக்குத் தகவல் போய்விட்டது, நாளை பெரம்பலூர் சைபர் க்ரைம் ஸ்டேஷனுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அடுத்த அழைப்புக்குப் போய்விட்டார்.

அன்று இரவு அவள் கணவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் திட்டவில்லையாம். "போனாப் போவுது. நான் இன்னும் ரெண்டு வருஷம் இருந்துட்டு வரேன்" என்றாராம். மறுநாள் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இதை அவள் என்னிடம் சொன்னபோது, திட்டியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. அவர்களுக்கு ஒரு மகள். அப்பாவைப் போனில்தான் அதிகம் பார்த்தவள். அந்த இரண்டு வருடத்தை அவளிடமிருந்து எடுத்தது என் பெயரில் போன பத்திரிகை. அதனால் எது நடந்தாலும் இவளோடு கூடவே நிற்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

அரசாங்க ஆபீஸ் என்றால் எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. என் வீட்டுக்காரர் இறந்தபோது வாரிசுச் சான்றிதழுக்கு நான் அலைந்த அலைச்சலில் ஒரு செருப்பு தேய்ந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பதை மேசைக்கு மேசை படித்தவள். அதனால் ஸ்டேஷனுக்குச் சண்டைக்குப் போகிறவளாகத்தான் போனேன். புளிசாதம், தண்ணீர் பாட்டில், நாள் முழுக்க உட்காரத் தெம்பு, எல்லாம் தயார். நான் அரியலூர் மாவட்டம், இவள் பெரம்பலூர் மாவட்டம். "அங்க போ, இங்க போ" என்று பந்தாடப்போகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அங்கே இருந்தவர் ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர். என் மகளைவிட இரண்டு மூன்று வயது கூடுதலாக இருப்பார். புகார் எண்ணைப் பார்த்துவிட்டு என்னிடம், "உங்க போனு அரியலூர் கணக்கும்மா. நீங்க அங்க ஒரு மனு குடுக்கணும்" என்றார்.

"பாத்தியா!" என்று எழுந்தே விட்டேன்.

"உக்காருங்கம்மா. நான் அங்க பேசிடறேன், நீங்க போனா எடுத்துக்குவாங்க. இவங்க கேசு எங்களோடது. உங்கள யாரும் அலையவிட மாட்டாங்க."

உட்கார்ந்தேன். ஆனாலும் சந்தேகம் விடவில்லை. "இந்தத் தையக்காரியப் புடிச்சு உள்ள போடுவீங்களா?" என்று கேட்டேன். என் போனிலிருந்துதானே எல்லாம் போனது.

"உங்கள உள்ள போட்டா, அரியலூர்ல பாதிக் கல்யாணத்துக்கு ஜாக்கெட் இருக்காதே" என்றார் அவர். லப்பைக்குடிக்காட்டுக்காரி முந்தைய நாளுக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தாள்.

பணத்தைப் பற்றிக் கேட்டபோது அவர் ஒளிக்காமல் சொன்னார். பணத்தை நிறுத்துவது போலீஸ் கையில் இல்லை. போலீஸ் கேட்டால் பேங்க் நிறுத்த வேண்டும். நிறுத்திய பணத்தை பேங்க் தானாகத் திருப்பித் தர முடியாது. அதற்கு கோர்ட் உத்தரவு வேண்டும். திருடன் வைத்திருக்கும் சிம்மை டெலிபோன்காரர்கள் முடக்க வேண்டும். ஆள் இருப்பது வேறு மாநிலம். அங்கே அந்த ஊர் போலீஸ் போக வேண்டும்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நீங்க என்னதாம்மா பண்ணுவீங்க?"

"எல்லாரையும் பண்ண வைப்பேன்" என்றார்.

ஊர் கூடித் தேர் இழுப்பது என்று சொல்வார்கள். ஆனால் வடத்தில் கை வைத்தவர்களில் பாதிப் பேர் இழுப்பதுபோல் பாவனைதான் செய்வார்கள் என்பது என் அனுபவம். அன்று பார்த்தது வேறு. அந்தப் பெண் எங்கள் எதிரிலேயே போனை எடுத்து, எங்கோ வடக்கே இருக்கும் பேங்க் ஆபீசருக்குப் பேசினார். அவர் ஹிந்தி என் ஆங்கிலத்தைவிட மோசம். இரண்டு வார்த்தை ஹிந்தி, நாலு வார்த்தை ஆங்கிலம், நடுவில் ஒரு "ப்ளீஸ் சார்". வைத்துவிட்டார்கள். திரும்ப அடித்தார். திரும்ப வைத்தார்கள். டீயை ஆறவிட்டு மறுபடியும் அடித்தார். கடைசியில் ஒரு கணக்கில் பெரும்பகுதிப் பணம் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று எங்களைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினார். முந்தைய நாளே போன் செய்ததால்தான் அது நின்றதாம். இரவு வரை காத்திருந்தால் அதுவும் ஏடிஎம்மில் எடுக்கப்பட்டிருக்கும்.

என் கடையில் ஒரு கல்யாண ஜாக்கெட் முழுக்க நான் தைப்பதில்லை. வெட்டுவது நான். ஆரி எம்பிராய்டரி வேலைக்கு ஜெயங்கொண்டம் போகும். ஹூக் வைப்பது ஒரு அம்மா, அவர் வீட்டில். யார் ஒருவர் தாமதித்தாலும் மணப்பெண் என்னைத்தான் திட்டுவாள். அதனால் துணி யார் கையில் இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு விரட்டிக்கொண்டே இருப்பதுதான் என் வேலையில் பாதி. அந்த சப்-இன்ஸ்பெக்டர் செய்வதும் அதுதான் என்று புரிந்தபோது எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. அந்தத் தொழிலின் வலி எனக்குத் தெரியும்.

அரியலூரில் மனு கொடுக்கப் போனேன். சொன்னபடியே எடுத்துக்கொண்டார்கள். போனைச் சுத்தம் செய்து கொடுத்து, எல்லோருக்கும் தகவல் சொல்லச் சொன்னார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு என் தொண்டை கட்டியது. அதனால் கடை வாசலில் பெரிய எழுத்தில் போர்டு எழுதி வைத்தேன்: 'எங்கள் வீட்டில் கல்யாணம் எதுவும் இல்லை. என் பெயரில் போனில் வந்த பத்திரிகையைத் திறக்காதீர்கள். திறந்திருந்தால் கடைக்குள் வாருங்கள்.' யாரோ போட்டோ எடுத்துத் திருச்சிக்கு அனுப்பிவிட்டார்கள். மகள் கூப்பிட்டாள். "எனக்குக் கல்யாணம் இல்லன்னு ஊருக்கே போர்டு வச்சிட்டியாம்மா?" என்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. அந்த போர்டைப் பார்த்து இரண்டு பேர் கடைக்குள் வந்தார்கள். அவர்கள் பணம் போகும் முன்பே தடுக்க முடிந்தது.

பிறகு மாதக்கணக்கில் காத்திருந்தோம். அவள் மாமியார் நோன்பு வைத்தார். நான் சிறுவாச்சூர் அம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டேன். இலவசச் சட்ட உதவியில் ஒரு வக்கீலம்மா கிடைத்தார். பெரம்பலூர் பேங்கில் ஒரு ஆபீசர், அவள் போகும்போதெல்லாம் தன் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்து பதில் சொல்வார். வேறு மாநிலத்தில், தன் கணக்கைத் திருடனுக்கு வாடகைக்கு விட்ட ஒருவனை அந்த ஊர் போலீஸ் பிடித்தது. அவனுக்குப் பின்னால் இருந்தவர்கள் கிடைக்கவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் அதையும் மறைக்காமல் சொன்னார்.

கோர்ட்டில் நீதிபதி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இது உங்க பணம்தானாம்மா?"

"இல்லங்க ஐயா, எங்க மச்சானோடது" என்றாள் இவள், சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு.

வக்கீலம்மா பதறிப்போய் எழுந்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கணக்கு உங்க பேர்லதானே?" என்று கேட்டு உத்தரவு போட்டார். சிரிப்பை மறைக்கத்தான் துடைத்தார் என்று நான் இன்றும் சொல்வேன்.

பணம் முழுக்க வரவில்லை. எடுத்தது எடுத்ததுதான். ஆனால் பெரும்பகுதி வந்தது. அவர் அங்கே இன்னும் இரண்டு வருடம் இருக்கவில்லை. கடை நினைத்த அளவில் பாதிதான், ஒற்றை ஷட்டர். அது போதும் என்று வந்துவிட்டார்.

போன மாதம் கடைத் திறப்பு விழாப் பத்திரிகைக் கட்டோடு அவள் என் கடைக்கு வந்தாள். என் கையெழுத்து நன்றாக இருக்கும், கவரில் பெயர் எழுதித் தர வேண்டும் என்றாள். வெளியே அவள் கணவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஐஸ் வண்டியிடம் நின்றிருந்தார். அந்தக் குழந்தை ஐஸைப் பார்க்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தது. என் கண் நிறைந்துவிட்டது. வெட்கப்படாமல் துடைத்துக்கொண்டேன்.

வெட்டும் மேசையில் உட்கார்ந்து எழுதினோம். சப்-இன்ஸ்பெக்டருக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகியிருந்தது, ஆனாலும் எழுதினோம். பேங்க் ஆபீசர், வக்கீலம்மா, அரியலூர் ஸ்டேஷன், ஜெராக்ஸ் கடைக்காரர், எனக்கு ஒன்று. எழுதி முடித்த பிறகு அவள் கையில் ஒரு கவர் இருந்தது.

"இது யாருக்கு?"

"அன்னிக்குப் போன்ல எடுத்தாங்களேக்கா. அவுகளுக்கு."

பேனாவைத் திறந்தேன். எழுதப் பெயர் இல்லை. ஊர் தெரியாது, வயது தெரியாது, இன்னும் அதே நாற்காலியில் இருக்கிறாரா என்பதும் தெரியாது. அன்று நான் அவரிடம் கத்தினேனே தவிர பெயரைக் கேட்கவில்லை. நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

"பேர் எழுதாம வச்சா மரியாத இல்லையேக்கா" என்றாள் அவள்.

"அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க" என்றேன். என் கத்தலுக்கே கோபித்துக்கொள்ளாதவர்.

அவள் எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். அந்தக் கவரை இரண்டு கையாலும் பிடித்து, மேசையில் அன்றைக்கு இரண்டு போன்களும் தலைக்குத் தலை கிடந்த இடத்தில் வைத்து, "குடும்பத்தோட வந்துடணும்" என்று வாயால் சொன்னாள்.